இருபதுக்கு முட்டை

— இன்னொரு தடவை சொல்லுங்க. கலங்கரை விளக்கை எதுக்குக் கட்டினாங்களாம்?

— மீன் காயப்போட.

— ஏங்க, அந்தப் பத்தியைப் படிச்சீங்களா இல்லையா?

— வரி விடாம படிச்சேன். நமக்கு இங்கிலீஷ் ஏறலை, விடேன். பஸ் டிப்போல ஸ்பேனர் பிடிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு?

— நாளைக்குப் பாஸ் பண்ணாத்தான் தலைமை ஆபீஸ்ல இன்ஸ்பெக்டர் வேலை. பன்னெண்டு வருஷமா வண்டிக்கு அடியிலயே படுத்துக் கிடக்கீங்க. முதுகு என்ன இரும்பா?

— சரி சரி, மார்க்கைச் சொல்லு, நர்ஸம்மா.

— இருபதுக்கு முட்டை.

— பாத்தியா! நான்தான் அப்பவே சொன்னேனே.

— மனுஷனுக்குச் சந்தோஷத்தைப் பாரு! கடிதம் எழுதச் சொன்னேனே, அது எங்க?

— நோட்டுக்கு அடியில கிடக்கு.

— கேள்வி என்ன? நண்பர் நம்ம ஊருக்குக் குடிவர்ற மாதிரி அவர் மனசை மாத்தணும். நீங்க என்ன எழுதியிருக்கீங்க? 'அன்பு நண்பா, தயவுசெஞ்சு வந்துடாதே. இங்க தண்ணி உப்பு. வீட்டுக்காரர் முசுடு. ஞாயித்துக்கிழமை உன்கூடச் சீட்டாட ஆள் கிடையாது. உன் பொண்ணுக்குப் பல் விழுந்தா போன்லதான் பாக்கணும்.' வரவழைக்கச் சொன்னா விரட்டி அடிச்சிருக்கீங்க!

— ஏதோ தோணுச்சு, எழுதினேன்.

— இவ்வளவு நீளக் கடிதத்துல ஒரு பிழை இல்லை. எங்க பெரிய டாக்டர்கூட இப்படி இங்கிலீஷ் எழுத மாட்டார்.

— குருட்டாம்போக்குல வந்திருக்கும்.

— குருட்டாம்போக்கா? ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை. கண்ணை மூடிக்கிட்டு டிக் அடிச்சாக்கூட இருபதுல நாலஞ்சு சரியா விழும். ஒண்ணுகூட விழலையே, எப்படி?

— எனக்கென்ன தெரியும்?

— எல்லாம் தெரியும். இருபதுக்கும் சரியான விடை தெரிஞ்சு, பாத்துப் பாத்து ஒதுக்கியிருக்கீங்க. நாளைக்கும் இதேதான் பண்ணப்போறீங்களா?

— ஆமா, போதுமா? அந்த ஆபீஸ் எங்க இருக்கு? எட்டு மணி நேரப் பயணம். உன் ஆஸ்பத்திரி வேலையோ இங்க. மாசத்துக்கு ஒரு தடவை வந்து, விருந்தாளி மாதிரி சோபா ஓரத்துல உக்காந்துட்டுப் போகச் சொல்றியா? நீயும் பாப்பாவும் இல்லாம என்னால இருக்க முடியாது.

— இதை வாயைத் திறந்து சொன்னா என்னவாம்?

— எப்படிச் சொல்றது? எங்க வீட்டுக்காரர் இன்ஸ்பெக்டர் ஆகப்போறார்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துட்டே. உன் முகத்தைப் பாத்துச் சொல்ல வாய் வரலை.

— நல்ல மனுஷன் போங்க!

— திட்டு, எவ்வளவு வேணும்னாலும் திட்டு. பாஸ் மட்டும் பண்ண மாட்டேன்.

— நீங்க பாஸானதும் சொல்லலாம்னு வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன். உங்களை நம்பி, அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு மாத்தல் கேட்டேன். போன வாரம் ஆர்டர் வந்தாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. ஒண்ணாம் தேதி நானும் பாப்பாவும் கிளம்பறோம். நீங்க ஃபெயிலானா, இங்க தனியா இருக்கப்போறது நீங்கதான்.