நான்காம் குழி

மேடையில் வீற்றிருக்கும் நெட்டுக்குப்பம் ஊர்த் தலைவர் அவர்களே, எங்கள் கல்லூரி முதல்வர் அவர்களே, மீனவர் சங்கத்துப் பெரியவர்களே, மணலியிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் பஸ் மாறி வந்திருக்கும் மாணவிகளே, மீன் விற்ற கையோடு கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் மகன் ரஞ்சித்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், மோகனப்ரியாவைப் பெற்ற பவுனம்மாள் அவர்களே, இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் தங்கபுஷ்பம். முனைவர் மோகனப்ரியாவோடு ஒரே வரலாற்றுத் துறையில், ஒரே மேசையின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவள். தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. எனக்குப் பேச வரும், பொறுமை வராது. அவருக்குப் பொறுமை மட்டும்தான் வரும். அகழாய்வு செய்யும் குகைக்குள் குந்தி உட்கார்ந்து, முழங்கையளவு மண்ணைப் பகல் முழுக்கப் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருப்பார். "ஏம்மா, மண்ணுக்கு வலிக்கும்னு பாக்கியா?" என்று நான் மேலே நின்று கத்துவேன். நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'அவர்' என்று ஆரம்பித்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் 'அவள்' என்று வந்துவிடும். மேடையில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யார் இந்த மோகனப்ரியா? அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த துணியை உதறி உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போன இந்தக் குப்பத்துப் பெண். யார் இந்த மோகனப்ரியா? இரும்பு என்றால் என்னவென்றே தெரியாத காலத்து மனிதர்கள், செத்துப்போனவர்களைக் குகைக்குள் எப்படி அடக்கம் செய்தார்கள் என்று தேடித் தேடிச் சொன்ன ஆய்வாளர். ஊத்துக்கோட்டைக்கு அப்பால், எல்லையோரக் குன்றில், ஆடு மேய்க்கிறவர்கள் மழைக்கு ஒதுங்கும் ஒரு குகை. அதற்குள் ஒரு இடுகாடு இருக்கிறது என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

ஒரு பெரிய கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கும்போது, வேகத்தில், குப்பத்துப் பேச்சிலேயே, "இங்க ஒரு குழி கீது" என்று சொல்லிவிட்டார். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். நான் எழுந்து சண்டைக்குப் போயிருப்பேன். மோகனப்ரியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "கீது சார். நீங்க எந்தத் தமிழ்ல கேட்டாலும் அது அங்கதான் கீது" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதற்குப் பிறகு அந்த அரங்கில் யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் குன்றில் கல் உடைக்க வெடி வைக்கப் போகிறார்கள் என்று சேதி வந்தபோது, பத்துப் பன்னிரண்டு மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போய்க் குகை வாசலில் உட்கார்ந்துவிட்டார். குவாரி மேனேஜர் வந்து, "செத்தவங்களுக்கா மேடம் இவ்ளோ பாடு?" என்று கேட்டார். "அவங்களால எழுந்து வந்து மனு குடுக்க முடியாதே சார்" என்றார் மோகனப்ரியா. மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். வெடி வைக்கவில்லை. அன்றைக்கு அத்தனை பேருக்கும் சோறும் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் கட்டிக் கொடுத்தனுப்பியவர் இதோ, இந்தப் பவுனம்மாள் அவர்கள்தான்.

அந்தக் குகையில் நான்கு குழிகள். மூன்றில் மனிதர்கள். வயிற்றுப் பிள்ளை போலக் காலை மடக்கி, ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். எலும்பின் மேலெல்லாம் சிவப்புக் காவிப்பொடி. தலைமாட்டில் ஒரு பானை. கைப்பக்கம், தேய்த்து வழவழப்பாக்கிய ஒரு கல்கோடாலி. கழுத்தருகே சங்குமணிகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பலகைக்கல்.

நான்காம் குழியைத் திறந்தபோது நானும் அங்கே இருந்தேன். அதே பானை, அதே கோடாலி, அதே மணிகள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நடுவில் மட்டும் யாரும் இல்லை. ஒரு ஆள் மடங்கிப் படுக்கிற அளவுக்கு இடம் விட்டு, அந்த இடத்தைச் சுற்றி எல்லாவற்றையும் வைத்து, மூடியிருந்தார்கள். எங்கள் மாணவி ஆஃபியா அதைப் படமாக வரையும்போது, "நடுவுல என்ன மேடம் போடறது?" என்று கேட்டாள். "ஒண்ணும் போடாத" என்றாள் மோகனப்ரியா. பார்த்தீர்களா, 'அவள்' வந்துவிட்டது.

எலும்பு கரைந்திருக்கும் என்றார்கள் எங்கள் துறைப் பெரியவர்கள். பக்கத்துக் குழியில் குழந்தை விரல் எலும்புகூடக் கரையவில்லையே, இதில் மட்டும் எப்படிக் கரையும்? நரி இழுத்துப் போயிருக்கும் என்றார்கள். பலகைக்கல்லைத் தூக்கி, பானையை உடைக்காமல், மணியைக் கலைக்காமல், திரும்பவும் கல்லை மூடிவிட்டுப் போகிற நரி எந்த ஊர் நரி? அவள் அந்த மண்ணைச் சோதனைக்கு அனுப்பினாள். உடல் மட்கினால் மண்ணில் தங்கும் உப்பு அதில் இல்லை என்று முடிவு வந்தது. அந்தக் குழியில் யாரும் படுத்ததே இல்லை. வேட்டைக்கோ வேறெதற்கோ போய்த் திரும்பி வராத ஒருவருக்காக வெட்டிய குழி அது என்றாள் மோகனப்ரியா.

ஏன் அவளுக்கு மட்டும் அப்படித் தோன்றியது? இந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பவுனம்மாள் அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். "சொல்லு டீச்சரு, ஊருக்கே தெரிஞ்சதுதான" என்றார்.

மோகனப்ரியா ஒன்பதாவது படிக்கும்போது, அவளுடைய அப்பா பாஸ்கர் ஐப்பசிக் காற்றில் கட்டுமரத்தில் போனார். மரம் பழவேற்காட்டுப் பக்கம் கரை ஒதுங்கியது. அவர் ஒதுங்கவில்லை. ஊர் தேடியது, சொந்தக்காரர்கள் தேடினார்கள். பிறகு காரியம் செய்துவிடலாம் என்று பெரியவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். பவுனம்மாள் செய்யவில்லை. பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. "ஆள காட்டு, அப்பால அழிக்கறேன். நானே அவர சாவடிக்க மாட்டேன்" என்று சொல்லி எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த வீட்டில் பாஸ்கர் படத்துக்கு மாலை கிடையாது.

மகளுக்கு அது வேறு விதமாக வலித்தது. ஒருநாள் பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக ரயில் நின்றுகொண்டிருந்தது. நான் ஏதோ கடலைப் பற்றிச் சும்மா பேசிக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னாள்: "அப்பாவ நெனச்சி அழணும்னா எந்தப் பக்கம் பாத்துகினு அழறது புஷ்பா? அது அம்மாம் பெரிசா கீது. எனக்கு ஒரு எடம் வோணும். போயி நிக்கறதுக்கு ஒரு எடம்."

அவையோரே, இதற்காகத்தான் அவள் அத்தனை வருஷம் தோண்டினாளா? எனக்குத் தெரியாது. நான்காம் குழியைப் பார்த்த அன்று அவள் முகத்தைப் பார்த்தேன். அது ஆராய்ச்சிக்காரியின் சந்தோஷம் மட்டும் இல்லை. அது மட்டும் எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனாள். நானும் போனேன். வஞ்சிரக் குழம்பு ஊற்றிச் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் மோகனப்ரியா படத்தை விரித்தாள்.

"இது இன்னாது?" என்றார் பவுனம்மாள்.

"ஒருத்தர் போனாரு, வரல. ஆனாலும் அவருக்குன்னு ஒரு எடம் செஞ்சி வெச்சிகிறாங்க. அந்தக் காலத்துலயே செஞ்சிகிறாங்கம்மா."

அவர் ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தார். "வரலன்னு உனுக்கு எப்டித் தெரியும்?"

"குழி காலியா கீதே."

"திரும்பி வந்திருந்தாலும் காலியாதான இருக்கும்."

"வந்திருந்தா கோடாலிய எடுத்துகினு போயிருப்பாரும்மா. அது இல்லாம அவங்களுக்கு வேலையே ஓடாது."

"ஆளு வந்த சந்தோசத்துல கோடாலி யாருக்கு வோணும்? கெடக்கட்டும்னு வுட்டுட்டு வூட்டுக்கு இட்டுகினு போயிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும்போது மோகனப்ரியா பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதாள். டேங்கர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன, யாரும் கவனிக்கவில்லை. "அவங்க சொல்றத என்னால பொய்யின்னு காட்ட முடியாது புஷ்பா. மண்ணு அதச் சொல்லாது" என்றாள். அவளுடைய அகழாய்வு அறிக்கை அந்த இடத்தில் நின்றுபோனது. மூன்று குழிகளுக்கும் முடிவு எழுதினாள், நான்காவதுக்கு எழுதவில்லை. நான் திட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். எழுதவில்லை.

போன மாதம், துறை அறையில், என் எதிரே, வாங்கி வைத்த டீயைக் குடிப்பதற்குள், "என்னமோ பண்ணுது புஷ்பா" என்று நெஞ்சைப் பிடித்தாள். ஆஸ்பத்திரி வாசல் வரைதான் என் கையைப் பிடித்திருந்தாள். அந்த நாற்காலியை இன்னும் நகர்த்தவிடவில்லை. எதிரே யாராவது உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வருகிறது. எனக்கு அவள் வேண்டும், அவ்வளவுதான். இதை மேடைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அடக்கத்துக்குப் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். அன்றைக்குப் பவுனம்மாள் நிற்கவில்லை. அவர் நிற்கவில்லை என்பதால் நானும் நிற்கவில்லை. "அம்மா, நீ வூட்டுக்குப் போம்மா" என்று ரஞ்சித் சொல்லிக்கொண்டே வந்தார். பவுனம்மாள் காதில் வாங்கவில்லை. மகளைக் குழியில் இறக்கி, எல்லோரும் ஒரு பிடி மண் போட்டு, குழியை மூடி முடிக்கிற வரைக்கும் நின்றார். பிறகு, "பக்கத்துல இன்னொண்ணு வெட்டு" என்றார்.

துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். "யாருக்கும்மா?" என்றார் ரஞ்சித்.

"உங்கப்பாவுக்கு."

அவரே சொன்னார்: "எம்மாம் வருசமா அவருக்கு ஒரு எடம் கேட்டுகினே இருந்தா. நான் குடுக்கல. இன்னிக்கு இவள இங்க தனியா வுட்டுட்டு நான் எப்டி வூட்டுக்குப் போவேன்?"

ரஞ்சித் வெட்டியானிடமிருந்து மண்வெட்டியை வாங்கித் தானே வெட்டினார். அழுதுகொண்டே வெட்டினார். வெட்டி முடித்துவிட்டு, "உள்ள இன்னாம்மா வெக்கறது?" என்று கேட்டார். "ஒண்ணும் வாணாம்" என்றார் பவுனம்மாள். கொஞ்ச நேரம் குனிந்து அந்தக் குழியைப் பார்த்தார். பிறகு, "மூடு. அவரு வந்தாருன்னா வூட்டுக்குத்தான வருவாரு. நான் அங்கதான் கீறேன்" என்றார்.

அவர் நெற்றியில் பொட்டு இன்றைக்கும் இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. கேட்பவர்கள் என்னிடம் வந்து பேசட்டும்.

மோகனப்ரியாவுக்கு நாங்கள் என்ன செய்யப் போகிறோம்? அறிக்கையை முடிப்போம். ஆஃபியாவும் நானும் எழுதுகிறோம், அவள் பெயரில் வரும். நான்காம் குழிக்குரியவர் திரும்பி வந்தாரா வரவில்லையா என்பது தெரியாது, அவருக்காகக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள் என்பது தெரியும் என்று எழுதுவோம். அதற்கு மேல் ஒரு வரியும் எழுத மாட்டோம். குகையைக் காக்கக் கேட்டு அவள் கொடுத்த மனுவை விடமாட்டோம். தை பிறந்ததும் புது மாணவிகளோடு மறுபடியும் அந்தக் குன்றில் ஏறுவோம்.

இந்த முறை எங்களோடு இன்னொருவரும் வருகிறார். கூட்டம் தொடங்குவதற்கு முன்னால், பவுனம்மாள் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: "டீச்சரு, என்ன அந்தக் கொகைக்கு இட்டுகினு போ. அந்தக் காலிக் குழிய மூடும்போது அந்த ஆளு பொஞ்சாதி எங்கியாவது நின்னுகினுதான இருந்திருப்பா. அவ நின்ன எடத்துல நானும் கொஞ்ச நேரம் நிக்கணும்."

அழைத்துப் போகிறோம், அம்மா. இந்த அவை முன்னால் வாக்குக் கொடுக்கிறேன்.