எலுமிச்சை பிழிந்த கோழி

— கோழில எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கியாடா?

— ஆமாக்கா. அந்தக் கதவைச் சாத்து, சாப்பிட வந்தவங்க காதுல விழும்.

— விழட்டும்! வெண்ணெயும் க்ரீமும் ஊத்தின கோழின்னு மூலை மேஜை டாக்டரம்மாகிட்ட வாய் வலிக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன். அதுக்குத் தோதா மரப்பீப்பாயில ஊறின ஷார்டொனே ஒயினும் ஊத்தியாச்சு. இப்ப இந்தப் புளிப்பைக் கொண்டுபோய் வெச்சா என் மூஞ்சியை எங்க வெச்சுக்கறது?

— வெச்சுத்தான் பாரேன். நல்லாருக்கும்.

— நல்லாருக்குமா! மகராசா, இந்த ஓட்டல் திறந்த நாள்லேருந்து தொண்டை கிழியக் கத்தறேன். திராட்சை ஒண்ணுதான், ஒயின் ஒண்ணில்ல. எஃகுத் தொட்டியில வெச்ச ஷார்டொனே பச்சை ஆப்பிளைக் கடிச்ச மாதிரி இருக்கும். சிப்பி, ஆவியில வேகவெச்ச மீன், எலுமிச்சை எல்லாம் அதுக்கு. பீப்பாயில வெச்சது வெண்ணெய் வாசனை, வறுத்த முந்திரி வாசனை. காளான், க்ரீம், கோழி அதுக்கு. நுரை பொங்கறது இருக்கே...

— பொரிச்ச உருளைக்கிழங்குக்கு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்க்கா.

— தெரிஞ்சுமா இப்படிச் செய்யறே? போன வாரம் மீன் தலையில க்ரீமைக் கொட்டினே. நேத்து இறாலை வெண்ணெயில முக்கி எடுத்தே. நாலு பேர் முன்னாடி என்னை முட்டாளாக்கணும்னு கங்கணம் கட்டிட்டு அலையறியா?

— யாராவது தட்டைத் திருப்பி அனுப்பினாங்களா?

— இல்ல.

— யாராவது முகம் சுளிச்சாங்களா?

— அதுதாண்டா பத்திக்கிட்டு வருது! அந்த மீன் சாப்பிட்டவங்க அதே ஒயின்ல இன்னொரு கிளாஸ் கேட்டாங்க. அப்ப நான் சொல்றதெல்லாம் பேத்தல், நீ செய்யறதுதான் சரியா?

— நீ சொல்றது தப்பில்லக்கா.

— பின்ன?

— விடுக்கா. அடுப்புல வேலை கிடக்கு.

— விடமாட்டேன். கரண்டியைக் கீழ வை. உன் பொண்டாட்டி ஏதாவது ஓதினாளா? தனியா கடை போடப் போறியா?

— ஐயோ, அவளை எதுக்கு இழுக்கறே? சரி, கேக்கறேன், சொல்லு. திராட்சைத் தோட்டக்காரர் இந்தத் தடவை அனுப்பின ரெண்டு ஒயின் கேனுக்கும் யாரு அட்டை கட்டினது?

— நான்தான். அந்த மனுஷன்தான் எதுலயும் எழுதித் தொலைக்கறதில்லையே. எப்பவும் நான்தானே மோந்து பார்த்துக் கட்டுவேன்.

— மாறிப்போச்சுக்கா.

— என்னது மாறிப்போச்சு?

— அட்டை. சாஸுக்கு ஒரு கரண்டி எடுத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பீப்பான்னு நீ எழுதினதுல இருக்கிறது எஃகுத் தொட்டி ஒயின். நம்ம மஞ்ச விளக்குல ரெண்டும் ஒரே நிறம் வேற. அதான், நீ எதை ஊத்தறியோ அதுக்குத் தகுந்த மாதிரி நான் சட்டியில மாத்திக்கறேன்.

— வாய்க்கு வந்ததைப் பேசாதே!

— இதோ ரெண்டு கிளாஸ். வெண்ணெய் வாசனை எதுல வருதுன்னு சொல்லிடு, இப்பவே உன் கால்ல விழறேன்.

— கொண்டா இப்படி. இதை மோந்தாச்சு. இதையும் மோந்தாச்சு.

— அக்கா? ஏன் ரெண்டையும் கீழ வெச்சுட்டே?

— தெரிஞ்சதும் அட்டையை மாத்திக் கட்டித் தொலைச்சிருக்கலாம்ல?

— உன் மூக்கை நம்பித்தானே இத்தனை பேர் வர்றாங்க. அதுல நான் கை வெச்சா நீ சும்மா இருப்பியா? ஏதோ வேலை அவசரத்துல நீ கவனிக்காம கட்டிட்டியோன்னு நெனச்சேன். அடுத்த கேன் வந்தா சரியாயிடும்.

— ஆகாதுடா. அந்தத் தட்டை இப்படிக் கொடு, ஆறிப்போவுது. இனிமே எது எதுன்னு நீ என் காதுல சொல்லு, நான் ஊத்தறேன். போன மாசம் வந்த அந்தக் காய்ச்சல் விட்டதுலேருந்து என் மூக்குக்கு ரெண்டும் வெறும் தண்ணிதான்.