முழங்கை இழுத்த படம்

அவையை அழகுற நடத்தும் தலைவர் அவர்களே, அனுபவத்தால் நரைத்த பெரியோர்களே, ஆயிரம் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் அருமை அக்காவே, வணக்கம்!

என் முதுகுக்குப் பின்னே பதாகையில் ஒரு படம் பளபளக்கிறதே, பார்த்தீர்களா? அது பிழையான படம். பிழை என்னுடையது. தலைவர் பதற வேண்டாம், சொல்கிறேன்!

நம் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் ஆளைவிட நீளமான டி.என்.ஏ. நூல் மடிந்து மடிந்து கிடக்கிறது. புற்றுநோய் புகும்போது அந்த மடிப்பு தளர்கிறதா? எங்கே தளர்கிறது? எப்போது தளர்கிறது? அதைத்தான் எங்கள் ஆய்வகம் தேடுகிறது. நூலில் ஒளிரும் சாயம் ஏற்றி, மினுக்கும் புள்ளிகளை நுண்ணோக்கியில் இருபதாயிரம் தடவை படமெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது என் வேலை.

அக்காவுக்குப் புற்றுநோய்க் கட்டியை அகற்றியபோது, பக்கத்தில் இருந்த நல்ல சதையில் ஒரு துணுக்கை ஆய்வுக்குக் கொடுத்தாள். அதைப் படமெடுத்தேன். ஐயோ! ஒன்று விடாமல் எல்லா உயிரணுவிலும் மடிப்பு பிரிந்து கிடந்தது. எங்கள் பேராசிரியர் துள்ளினார். "பிடிச்சிட்டோம்மா! பெருசா அச்சடிக்கச் சொல்லு!" அப்படி அச்சானதுதான் இந்தப் பதாகை. எனக்கோ, அக்காவின் நல்ல சதையிலும் நோயா என்ற பயம்.

மூன்று நாள் அந்தப் படத்தையே வெறித்தேன். எல்லாம் ஏன் இடப்பக்கமாகவே இழுபட்டிருக்கின்றன? நோய்க்கு ஏது இடமும் வலமும்? அப்போதுதான் உறைத்தது. அந்த நுண்ணோக்கி நிற்பது காற்றில் மிதக்கும் மேசைமேல்; அது தொட்டாலே நகரும். நானோ அக்காவின் உயிரணுவாயிற்றே என்ற ஆவலில் அதன்மேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தேன்! மேசை நகர, அடுக்கிய புள்ளிகளெல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டுவிட்டன. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், அக்காவும் சிரித்தாள்.

மறுபடியும் எடுத்தேன், கதவுக்கு வெளியே கைகட்டி நின்றுகொண்டு. மடிப்புகள் இறுக்கமாக இருந்தன, மூன்றே மூன்று உயிரணுக்களைத் தவிர. அவை எல்லாப் பக்கமும் தளர்ந்திருந்தன; அது என் முழங்கையின் வேலை இல்லை.

"அப்போ எனக்குத் திரும்ப வருமாடி?" என்றாள் அக்கா.

"தெரியலைக்கா. இந்த மூணு என்ன சொல்லுதுன்னு எங்க யாருக்குமே இன்னும் தெரியாது."

"தெரியலைன்னா தெரிஞ்சுக்கோ. நான் நாள் தள்ளாம டாக்டர்கிட்ட போறேன். நீ முழங்கையை மட்டும் மடியில வெச்சுக்கோ!"

அன்பர்களே! அழகான படம் வேண்டுமா, அசையாத படம் வேண்டுமா? ஆரவாரம் வேண்டுமா, அந்த மூன்று உயிரணுக்களின் கதை வேண்டுமா? எனக்குக் கதைதான் வேண்டும். என் அக்காவுக்கு அது வேண்டும். ஆகவே பதாகையை இறக்கிவிடுங்கள், நாளைக் காலை நான் மீண்டும் கைகட்டி நிற்கப் போகிறேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, துணுக்கைக் கொடுத்த அக்காவுக்கு வணக்கம்!