மலைப்பாம்புக் குட்டி என்று சொன்னேன்

சதுப்பு நிலத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகக் கூடாது. கொக்கு கூடப் பொறுத்துக்கொள்ளும், உள்ளான் பொறுக்காது. இதை நெவிலுக்கு ஆறு வருடமாகச் சொல்லிவந்தேன். அன்றைக்கும் அவர் வெள்ளைச் சட்டையில்தான் வந்தார்.

என் பெயர் ஆல்வின் பெட்ரி, வயது அறுபத்தொன்பது, முப்பத்தொரு வருடம் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். இதெல்லாம் உங்கள் காகிதத்தில் இருக்கிறது, சார்ஜென்ட். அதில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன்.

சனிக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேர் பறவை பார்க்கப் போவோம். நான், தபால் நிலையத்தில் இருந்து ஓய்வுபெற்ற டாரி, மெல்போர்னில் கண்ணாடிக் கடை வைத்திருந்துவிட்டு இங்கே குடிவந்த நெவில். எங்கள் வட்டாரத்தில் யார் வீட்டு முற்றத்தில் எது ஊர்ந்தாலும் பறந்தாலும் தொலைபேசி எனக்குத்தான் வரும். வாலின் நுனியைச் சொன்னால் போதும், பெயரைச் சொல்லிவிடுவேன்.

அக்டோபர் மாதம், காலை ஒன்பது மணி. நெல் வயல்களுக்கு அப்பால், பறவைகளை ஒளிந்திருந்து பார்க்கக் கட்டிய மறைகுடிலில் நானும் நெவிலும் உட்கார்ந்திருந்தோம். டாரி வண்டியிலிருந்து பிஸ்கட் எடுத்துவரப் போயிருந்தாள்.

“ஆல்வின், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே?”

“சொல்லு.”

“நம்ம பறவைச் சங்கத்துச் சுவர்ல மாட்டியிருக்கே, நீ எடுத்த மயில் உள்ளான் படம். பதிவேட்டைப் புதுசா எழுதறதுக்காக அதைப் பெருசாக்கிப் பார்த்தேன். அது மயில் உள்ளான் இல்லப்பா. ஜப்பான் உள்ளான். கண்ணைச் சுத்தி அந்த வெள்ளையே இல்ல.”

நான் தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்தேன்.

“யார்கிட்டயும் சொல்லல. டாரிக்குக்கூடத் தெரியாது. நீயா திருத்திட்டா நல்லாருக்கும்னு நெனச்சேன், அவ்வளவுதான்.”

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். பண்பான மனிதர். பதினோரு வருடமாக இந்த வட்டாரத்தின் ஒரே மயில் உள்ளான் பதிவு என்னுடையது. நன்றி என்றேன். கோபம் எதுவும் வரவில்லை. அந்த நிமிடத்தில் ஒரு பூனைப்பருந்து தாழப் பறந்தது, குறிப்பேட்டில் எழுதினேன். கையெழுத்தைப் பாருங்கள், ஒரு கோடு பிசகியிருக்காது.

டாரி வந்த பிறகு கரை வழியாக நடந்தோம். நெவில் ஒரு தவளையைப் படம் எடுக்கக் கரையை விட்டுக் கோரைக்குள் இறங்கினார். “ஐயோ” என்றார். கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்.

“பாம்பு, ஆல்வின். பட்டை பட்டையா இருந்துது. நீ பாத்தியா?”

பார்த்தேன். கழுத்திலிருந்து வால் வரை, மூன்று விநாடி.

“மலைப்பாம்புக் குட்டி,” என்றேன். “பயத்துல கடிச்சிருக்கு. விஷம் கிடையாது.”

டாரிக்கு மனசு கேட்கவில்லை. “எதுக்கும் ஒரு கட்டுப் போட்டுடலாமே. உன் பையில எப்பவும் வெச்சிருப்பியே.”

“மலைப்பாம்புக் குட்டிக்குக் கட்டா? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க.”

“விடு டாரி,” என்று நெவிலும் சிரித்தார். “அப்புறம் வாத்தியார் எனக்கு மார்க்கைக் குறைச்சிடுவாரு.”

விஷப்பாம்பு கடித்தால் விரலிலிருந்து தொடை வரை காலை இறுக்கிச் சுற்ற வேண்டும். கடிபட்டவர் ஓரடிகூட எடுத்து வைக்கக் கூடாது, வண்டிதான் அவரிடம் வர வேண்டும். ஒவ்வொரு வசந்தத்திலும் ஒன்பதாம் வகுப்புக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் இது. வடக்கு மடையில் குருகு கூடு கட்டியிருக்கிறது, பார்த்துவிட்டே போகலாம் என்றேன். அது இன்னும் இரண்டு கிலோமீட்டர். முன்னால் நான் நடந்தேன், கொஞ்சம் வேகமாகவே.

இருபது நிமிடத்தில் தலை வலிக்கிறது என்றார். பிறகு வாந்தி எடுத்தார்.

“முகமே சரியில்லையே,” என்றாள் டாரி.

“வெயில்,” என்றேன். வானம் மூடியிருந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அதை யோசித்தேன், அடுத்த வேலிக் கம்பம் வந்ததும் சொல்லிவிடலாம் என்று. கம்பம் வந்தது. சொல்லியிருந்தால் ஒரே காலையில் நான் இரண்டாம் முறை தவறியவனாகியிருப்பேன். நெவில் அதற்கும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பரவாயில்லப்பா என்றிருப்பார். அடுத்த கம்பத்தையும் தாண்டினோம்.

மடைக்குப் போய்ச் சேரவில்லை. கால் மடங்கி விழுந்தார். அங்கே தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. டாரி வண்டி நின்ற இடத்துக்கு ஓடினாள், அறுபத்தாறு வயதில். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இமைகள் பாதி இறங்கிவிட்டன. நாக்கு தடித்துப்போயிருந்தது.

“மலைப்பாம்புதானே, ஆல்வின்?”

“ஆமா.”

“நீ சொன்னா... சரியாத்தான் இருக்கும்.”

பையில் இரண்டு சுருள் கட்டுத்துணி இருந்தது. தரை ஈரமாக இருந்ததால் இரண்டையும் எடுத்து அவர் தலைக்கடியில் வைத்தேன். ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம் ஆயிற்று. அதற்குக் கால் மணி நேரம் முன்பே மூச்சு நின்றிருந்தது.

ரத்தத்தில் புலிப்பாம்பின் விஷம் என்று மருத்துவமனையில் சொன்னதும் ஊரே என்னைத் தேற்றியது. நெவிலின் மனைவி காரின் வீட்டுக்கே வந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “நீ வேணும்னேவா சொன்னே? யாருக்கும் தப்பு நடக்கும், ஆல்வின். உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல,” என்றாள். அவள் போன பிறகு வெகுநேரம் என்னால் சாப்பிட முடியவில்லை. டாரி இப்போது வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. கட்டுப் போடலாம் என்று இன்னொரு தரம் சொல்லாமல் விட்டது தன் குற்றம் என்று அழுகிறாளாம்.

போன வாரம் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் ஒரு பாம்பு வந்தது. என் வாசலைத் தாண்டிப் போய் வேறு யாரையோ கூப்பிட்டு வந்தார்கள். அது சாதாரணப் பழுப்புப் பாம்பு. வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே எனக்குத் தெரிந்தது. யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மரண விசாரணை அறிக்கையின் நகல் தபாலில் வந்தது. ‘உடன் சென்ற நண்பர் பாம்பைத் தவறாக அடையாளம் கண்டதால் நேர்ந்த மரணம்’ என்று எழுதியிருக்கிறார்கள். அது நிரந்தரமாக இருக்கப்போகிற ஆவணம். நாளைக்கு யார் எடுத்துப் படித்தாலும் அதைத்தான் படிப்பார்கள். நெவிலுக்கு நான் செய்யக்கூடியது உண்மையைச் சொல்வது ஒன்றுதான் என்று தோன்றியது. பஸ் பிடித்து வந்தேன்.

சிறைக்கு அனுப்புங்கள், ஆட்சேபணை இல்லை. அந்த ஒரு வரியை மட்டும் இப்போதே என் முன்னால் அடித்துவிட்டு எழுதுங்கள்: புலிப்பாம்பு, முழு வளர்ச்சி அடைந்தது, மூன்றரை அடி, ஆல்வின் பெட்ரி பார்த்தவுடனே சரியாக அடையாளம் கண்டார்.