கண்ணபிரான் பிரதர்ஸ், வத்தல் மண்டி

"ஹலோ… ஹலோ… புதூர்தானே? வேதமுத்து அண்ணாச்சி கடையா? … அண்ணாச்சி, கோவில்பட்டி வத்தல் மண்டியிலருந்து மாரிசெல்வி பேசுதேன். … ஆமா, ஆமா, கண்ணபிரான் மக. … காலையில போட்டதும் நாந்தான். … மத்தியானமும் நாந்தான். … தெரியுது அண்ணாச்சி, பஸ்சு வார நேரம், டீக்கு ஆளு நிக்கும். ஒரு எட்டு பின்னால போயி எங்க சித்தப்பாவ மட்டும் கூட்டியாந்துருங்க. … ஐயோ, வச்சிராதீங்க! லைனு கெடைக்கவே அரை நாளாச்சு. அப்படியே மேசையில வையுங்க, நான் புடிச்சுக்கிட்டே நிக்கேன்."

புதூரில் ரிசீவர் மேசை மேல் விழுந்த சத்தம் அவள் காதில் இடித்தது. அப்புறம் டீ ஆற்றுகிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம், ஒரு சைக்கிள் மணி. மாரிசெல்வி ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு எதிர் நாற்காலியைப் பார்த்தாள். அவள் அப்பா கண்ணபிரான், அந்த அறையில் போன் என்று ஒன்று இருப்பதே தெரியாதவரைப் போல, மடியில் முறத்தை வைத்து மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

நாளைக் காலை இந்த வருஷத்து வத்தல், சரக்கு அடுக்கக் கட்டிய புதுக் கிட்டங்கியில் முதன்முதலாக இறங்க வேண்டும். புதூர்ப் பக்கத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் இத்தனை வருஷமும் மூட்டையைக் கொண்டுவந்தது சித்தப்பா வேல்சாமியின் கையை நம்பித்தான். அந்த மண்டியில் விலையை வாய்விட்டுச் சொல்லுகிற வழக்கம் கிடையாது. துண்டுக்கடியில் கையை விட்டு, விரலைப் பிடித்துச் சொல்ல வேண்டும். அப்பாவின் கைக்குச் சம்சாரிகள் விரல் கொடுக்க மாட்டார்கள். அவர் பிடித்தால் விலை குறையும் என்று எப்போதோ ஒரு பேர் வந்துவிட்டது. மாரிசெல்விக்கு விருதுநகரில் இன்றைக்கு என்ன விலை, நாளைக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் தெரியும். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள், பி.காம். ஆனால் ஒரு குமரிப்பெண் ஊர் ஆம்பிளைகளோடு துண்டுக்கடியில் கை கொடுத்து விலை பேசிவிட முடியுமா? அவ்வளவு படிப்பும் துண்டுக்கு வெளியேதான் நின்றது.

"ஏலே சின்னக்கருப்பா, தராச அங்கன வைக்காத! கதவுல இடிக்கும். இங்கன, செவுத்தோரமா… ஹலோ? … சித்தப்பா! நாந்தான். … ம். … ம். … சாப்ட்டேன். … பொய் சொல்லலை, சாப்ட்டேன். சித்தி எப்படி இருக்காவ? … சரி. … சரி, சுத்தி வளைக்கலை, நேராவே கேக்கேன். நாளைக்குக் காலையில வருதீங்களா, இல்லையா?"

அப்பாவின் கையில் வத்தல் பாதிக் காம்போடு நின்றது.

"… வரலைன்னா? வரலைன்னா என்ன அர்த்தம்? வெளிய போர்டுல என்னன்னு எழுதியிருக்கு? கண்ணபிரான் பிரதர்ஸ்னு எழுதியிருக்கு. வாரவன் போறவன்லாம் பிரதர் எங்க, பிரதர் எங்கன்னு கேக்கான். நான் என்னன்னு சொல்ல? பிரதர் பொண்டாட்டி ஊர்ல டீக்கடையில குந்தியிருக்காவன்னு சொல்லவா? … சிரிக்காதீங்க. சிரிக்குறதுக்குச் சொல்லலை நான்."

அவளுக்கும் ஒரு நொடி உதடு கோணியது. உடனே இறுகிக்கொண்டது.

"சித்தப்பா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நான் படிச்சு முடிச்சு இங்கன வந்து உக்காரையில இந்த மண்டி எப்படி இருந்துச்சு? கல்லாவும் வீட்டு அஞ்சறைப் பெட்டியும் ஒண்ணாக் கெடந்துச்சு. ஊரு ஊராப் போறது உங்களுக்கு, கிட்டங்கி அப்பாவுக்கு, பேங்கும் போனும் எனக்கு, காம்பு கிள்ளுற பொம்பளையாளுக சித்திக்குன்னு பிரிச்சு விட்டோம்லா. வேலை பாக்குற எல்லாருக்கும் சம்பளம், அண்ணனும் தம்பியும் கூட கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கணும்னு சொன்னதுக்கு அப்பா எங்கிட்ட எத்தன நாளு பேசலை? … ஆமா, நீங்கதான் சமாதானம் பண்ணி வச்சீங்க. நல்லாத்தானே ஓடுச்சு? ஒரு சம்சாரி கொறை சொன்னானா? இருமிக்கிட்டே கெடந்த பொம்பளையாளுகளுக்கு மூக்குத் துணி, ஃபேனு, எல்லாம் வந்துச்சா இல்லையா? நோய் நொடி இல்லாம ஓடிக்கிட்டு இருந்த யாவாரத்த ஒரு மெழுகுவத்திக்காக… … இல்ல. … இல்ல சித்தப்பா, அப்படிச் சொல்லலை. … தப்புதான். மெழுகுவத்தி இல்லதான். எனக்குத் தெரியாதா? நானும் அங்கனதானே நின்னேன்."

போன வெள்ளிக்கிழமை புதுக் கிட்டங்கி திறப்பு. 'குத்துவிளக்கு ஏற்றுபவர்: திருமதி வெயிலம்மாள் வேல்சாமி' என்று அழைப்பிதழில் அடிக்கக் கொடுத்தவளே மாரிசெல்விதான். சித்தி பட்டுச்சேலை கட்டி வந்து, மெழுகுவர்த்தியைக் கையில் வாங்கி, திரிக்குக் கிட்டே கொண்டுபோய்விட்டாள். அத்தை ரெங்கம்மாள் நடுவே புகுந்து அதைப் பிடுங்கி, வந்திருந்த ஒரு வியாபாரியின் மனைவியிடம் கொடுத்தாள். முதல் வியாபாரம் நடக்கிற இடத்தில் பிள்ளை பெற்றவள் ஏற்றினால்தான் விருத்தியாகுமாம். சித்திக்குப் பிள்ளை இல்லை. மாரிசெல்வி கூட்டத்தில் கத்தினாள். சும்மா இருக்கும்படி அப்பா ஒரு அதட்டுப் போட்டார். அதட்டியது அத்தையை அல்ல, மாரிசெல்வியை. சித்தி அடுப்படிக்குப் போனாள். வந்தவர்களுக்கெல்லாம் கேசரி வைத்தாள், தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாள், சாயங்கால பஸ்ஸில் ஏறிவிட்டாள். சித்தப்பாவும் பின்னாலேயே ஏறினார்.

"… அத்தைகிட்ட நான் இன்னும் மொகங்குடுத்துப் பேசலை. … அப்பாவா? இங்கனதான் இருக்காவ. எதுத்தாப்புலதான். … என்ன செய்யுதாவளா? வத்தல் கிள்ளுதாவ. … சத்தியமா! சித்தி போனதுலருந்து பொம்பளையாளுக ஒருத்தி வரலை. முதலாளியே மொறத்தோட உக்காந்திருக்காவ. கிள்ளின கையோட கண்ணத் தொடச்சிட்டு ஆ ஊன்னு கெடந்தாவ காலையில. … நீங்களே பேசுங்க சித்தப்பா. ஒரு நிமிசம். இருங்க, குடுக்கேன்."

அவள் ரிசீவரை நீட்டினாள். அப்பா தலையை ஆட்டினார். அவள் இன்னும் நீட்டினாள். அவர் நெஞ்சில் கை வைத்து, தான் மூத்தவன் என்று காட்டினார். வாசலைக் காட்டி, போனவன் அவன்தானே என்று விரலை ஆட்டினார். எல்லாம் ஊமைச் சாடைதான். அந்தச் சாடையைப் பார்க்கப் பார்க்க மாரிசெல்விக்கு முறத்தைப் பிடுங்கி வீசலாம்போல வந்தது.

"… சித்தப்பா, அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு. … நேத்துலருந்து. … நெடிதான், வேற என்ன? … சரி. … சரி, பொய்தான். பேச மாட்டேங்காவ. எனக்கு உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பொய் சொல்லி மாளலை. … என்னது? யாரு வந்தா? … விளாத்திகுளத்து மண்டிக்காரரா? … வீட்டுக்கே வந்தாரா?"

அப்பா முறத்தை இறக்கி வைத்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க? … ஒண்ணும் சொல்லலைன்னா? சம்மதம்னு வெத்தலைய வாங்குனீங்களா? … அதச் சொல்லுங்க மொதல்ல. வாங்குனீங்களா, வாங்கலையா? … வச்சிட்டுப் போயிட்டாரு. நீங்க தொடலை. சரி. … ம். … இன்னைக்குப் பொழுதுக்குள்ள வந்து சொல்லணுமாக்கும்? நல்லா இருக்கே! நம்ம ஊரு மூட்டையெல்லாம் அவரு தராசுல ஏறவா? சித்தப்பா, நீங்க அங்க போயி உக்காந்தா இங்கன கதவத் தொறக்க வேண்டியதே இல்ல. புதுக் கிட்டங்கியில ஆட்டுக்குட்டியக் கட்டிப் போடலாம். … சம்பளம் வேணா கூட்டித் தரச் சொல்லுதேன். … இல்ல! இல்ல, காசுக்குத்தான் போறீங்கன்னு சொல்ல வரலை. வாய் தவறிருச்சு. … வேற எதத்தான் நான் குடுக்க? எங் கையில என்ன இருக்கு? அத்தைய வந்து கால்ல விழச் சொல்ல எனக்கு ஆகுமா? அப்பாவப் பேச வைக்க ஆகுமா? பி.காம்ல அதுக்கு ஒரு பேப்பர் வைக்கலை."

அந்தப் பக்கத்திலிருந்து சித்தப்பா நீளமாக என்னவோ சொன்னார். கேட்கக் கேட்க மாரிசெல்வியின் காது மடல் சிவந்தது.

"… ஆமா. … ஆமா. … அப்பா பாத்துக்கிட்டுத்தான் நின்னாவ. இல்லைங்கலை. … ஆமா, முகட்டப் பாத்தாவ. நீங்க எங்க பாத்தீங்க? … இல்ல, சொல்லுங்க. அப்பா முகட்டப் பாத்தாவ, நீங்க எங்க பாத்தீங்க சித்தப்பா? … நான் சொல்லுதேன். துண்ட ஒதறித் தோள்ல போட்டீங்க. மறுபடியும் எடுத்து ஒதறுனீங்க. கட்டுன பொண்டாட்டி கையிலருந்து அத்தை புடுங்குதா, உங்களுக்குத் துண்டுல தூசி. நான் ஒருத்திதான் கத்துனேன். ரெண்டு பேரும் சேந்துதான் சும்மா நின்னீங்க. அதுல மட்டும் நீங்க ரெண்டு பேரும் நல்ல பிரதர்ஸ்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டது.

"ஹலோ? … சித்தப்பா? … ஹலோ?"

லைன் அறுந்துபோகவில்லை. டீக்கடைச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. யாரோ ரிசீவரைக் கை மாற்றுகிற கரகரப்பு. வளையல் சத்தம்.

"… சித்தி! … நீங்களும் வந்தீங்களா? இவ்வளவு நேரமும் பக்கத்துலயா நின்னீங்க? … ம். … ம். … மூக்குல துணி கட்டித்தான் இருக்கேன். … ஆமா, இருமல் அப்படியேதான் இருக்கு. … பனங்கல்கண்டு இருக்கு, இருக்கு. சித்தி, எம் மேல காறித் துப்புங்க. … இல்ல, நெசமாத்தான். காலையிலருந்து அண்ணாச்சிகிட்ட சித்தப்பாவக் கூப்பிடுங்க, சித்தப்பாவக் கூப்பிடுங்கன்னுதானே கேக்கேன்? சித்தியக் கூப்பிடுங்கன்னு ஒருக்கக் கூட வாயில வரலை. மூட்டை சித்தப்பா கையப் பாத்துல்லா வருது. … கேவலமா இருக்கு எனக்கு."

அப்பா நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்.

"… நீங்க ஒரு வார்த்தை சொன்னா சித்தப்பா அடுத்த பஸ்ல ஏறிருவாவ. … தெரியும்லா உங்களுக்கும். … சொல்ல மாட்டீங்க. … ம். … ம். … ஆமா சித்தி. வேலைக்குன்னா நீங்க ஆகும். நெடியில உக்கார ஆகும், கேசரி கிண்ட ஆகும், வெளக்கேத்த மட்டும் ஆகாது. … ஆமா. … ஆமா. … கோவமா? எனக்கு என்ன கோவம்? உங்க எடத்துல நான் நின்னிருந்தா கேசரிச் சட்டிய அங்கனயே கவுத்திட்டுப் போயிருப்பேன். … யாவாரம் கெட்டாக் கெடட்டும்னு சொல்லவும் மனசு வரலை, வாங்கன்னு கூப்பிடவும் வாய் வரலை. … ம். … அழலை. வத்தல் நெடி. … சரி. … சரி சித்தி."

'டொக்' என்றது. புதூரில் வைத்துவிட்டார்கள். அந்த லைனில் எதிர்ப்பக்கம் வைத்த பிறகும் உடனே டயல் ஊங்காரம் வராது. ஒன்றிரண்டு நிமிஷம் கிணற்றுக்குள் காதை வைத்த மாதிரி வெறுமையாகக் கிடக்கும். மாரிசெல்வி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் கையிலிருந்து ரிசீவரை அப்பா வாங்கினார்.

அவளால் நம்ப முடியவில்லை. அந்த வீட்டில் புருஷனின் அண்ணனும் தம்பி பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிற வழக்கம் கிடையாது. வெயிலம்மாள் மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் இருக்கிற இடத்தில் கதவுக்குப் பின்னால்தான் நிற்பாள். அவர் எதுவும் கேட்டால் கூட இன்னொருவரிடம் சொல்லித்தான் பதில் வரும். ஒரே கூரைக்குக் கீழே இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை நேராகப் போய் வந்தது இல்லை.

"எம்மா… நான் பெரியவன் பேசுதேன்" என்றார் அப்பா.

"அப்பா, அங்கன…"

அவர் கையை உயர்த்தி அவளை அடக்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ பதில் சொல்ல வேண்டாம்மா. எங்கிட்ட நீ பேச மாட்டே, தெரியும். கேட்டுக்கிட்டா போதும். அன்னைக்கு நான் ரெங்கம்மாவத்தான் அதட்டியிருக்கணும். எம் புள்ளைய அதட்டிட்டேன். கடன ஒடன வாங்கிக் கட்டுன கிட்டங்கி, எதுவும் ஆயிருமோன்னு எனக்கும் ஒரு பயம் உள்ள இருந்துச்சு. அதான் வாயத் தொறக்கலை. இந்த மண்டியில மூக்கப் பொத்திக்கிட்டு நெடியில கெடந்தவ நீ. உன்னைய விட யாரு ஏத்த? … நாளைக்கு வந்து ஏத்தும்மா. நான் பக்கத்துல நிக்கேன். எவ வந்து புடுங்குதான்னு பாப்போம்."

கொஞ்ச நேரம் காதில் வைத்துக் கேட்டார். அந்த மௌனம் அவருக்குப் பழகிய மௌனம்தான். ஊங்காரம் வருவதற்கு முன்பே ரிசீவரைப் பதனமாக வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஏட்டி, கேட்டுக்கிட்டா. ஒரு வார்த்தை எதுத்துச் சொல்லலை. காலையில ரெண்டு பேரும் வந்துருவாவ, பாரு."

மனதில் பட்டதை முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிறவள் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவள் மாரிசெல்வி. அந்த ஒரு 'டொக்'கைச் சொல்ல அவளுக்கு நாக்கு புரளவில்லை. அப்பா அதற்குள் கிட்டங்கிக்குள் போய், புதூர் மூட்டைகளுக்குக் கதவுக்குப் பக்கத்திலேயே இடம் விடச் சொல்லிச் சின்னக்கருப்பனை விரட்டிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு தெம்பான குரலை அவள் இந்த ஒரு வாரத்தில் கேட்டதில்லை.

அவள் மறுபடியும் நம்பரைச் சுழற்றினாள். கிடைக்கவில்லை. சுழற்றினாள். கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை மணி போயிற்று.

"ஹலோ… அண்ணாச்சி, நாந்தான். … ஆமா, மறுபடியும் நாந்தான். ஏசாதீங்க, இதான் கடைசி. சித்தியக் கூப்பிடுங்க. … சித்தப்பா இல்ல, சித்தி. … எப்போ? … இப்பத்தானா? … எந்தப் பஸ்சு? … விளாத்திகுளமா? … ரெண்டு பேருமா? … சத்தம் போட்டா நிக்குமா அண்ணாச்சி, ஒரு ஆள ஓட விட்டா… … தார் ரோடு ஏறிருச்சா. … ம். … இல்ல, ஒண்ணும் சொல்ல வேண்டாம். … இல்ல அண்ணாச்சி, இங்கன யாருக்கும் ஒண்ணும் இல்ல, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். … ஆமா, பெருக்குற சத்தந்தான். அப்பாதான் பெருக்குதாவ. … சரி. … வைங்க."