அதே பத்து

மாத்திரை எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்கு எண்ணிக்கை தவறிவிடும். மற்றபடி நான் நிதானமான ஆள், தோழரே. கார்தெனஸில் எங்கள் தெரு மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருடம். என்மேல் ஒரு புகார் கிடையாது.

ஓஸ்மெல் என் டோமினோ ஜோடி. பதினாறு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து ஆடினோம். ஜோடிகள் ஆட்டத்தில் வாய் திறக்கக் கூடாது. புள்ளிக்கட்டையை வைக்குமுன் நான் எவ்வளவு தயங்குகிறேன் என்பதை வைத்தே என் கையில் இருப்பதை அவன் படித்துவிடுவான். என் மனைவிக்கே அது பிடிபட்டதில்லை. இந்த வருடம் போட்டிக்கு முந்தின வாரம் அவன் எங்கள் தெரு லியோனிதெஸோடு சேர்ந்துகொண்டான். போகட்டும். ஆனால் என் தயக்கங்களைப் பற்றி லியோனிதெஸுக்கு வகுப்பே எடுத்திருக்கிறான். தெருவே பார்க்க, நான் வைக்குமுன்பே என் கட்டையைச் சொல்லிச் சிரித்தார்கள்.

"மூஞ்சிய தூக்கி வச்சுக்காத மச்சான், வெளையாட்டுதானே" என்றான் ஓஸ்மெல்.

நான் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை.

முடக்குவாதத்துக்குப் பதினோரு வருடமாகத் தினம் பத்து மில்லிகிராம் பிரெட்னிசோன் சாப்பிடுகிறவன் அவன். அத்தனை காலம் சாப்பிட்டால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்துவிடும். பிறகு மாத்திரைதான் உயிர். மார்ச்சில் பிரெட்னிசோன் வரவில்லை, ஹைட்ரோகார்ட்டிசோன் வந்தது. வீரியம் கால் பங்குதான். பத்துக்கு நாற்பது கொடுக்க வேண்டும். சுவரில் தொங்கும் மாற்று அட்டவணையை எழுதியதே நான்தான்.

"அதே பத்துதானடா?" என்று கேட்டான்.

"அதே பத்துதான். தினம் ஒண்ணு போடு."

இரண்டு வாரத்தில் காய்ச்சல், வாந்தி, எழுந்தால் தலைசுற்றல். நான் மலங்கா கிழங்கு சூப் கொண்டுபோனேன். சின்ன வயது டாக்டரம்மா ஸ்டீராய்டு ஊசியைக் கையில் எடுத்துவிட்டு, மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று என்னைத்தான் கேட்டாள். பிரெட்னிசோன் பத்து, ஒருநாள் தவறவில்லை, ஊரெல்லாம் இதே வாந்திபேதிதான் என்றேன். ஊசி பைக்குள் போனது.

"நீ இருக்கறப்ப எனக்கென்னடா பயம்" என்றான் ஓஸ்மெல். மறுநாள் மதியம் போய்விட்டான். ஆமாம், கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அடக்கம் முடிந்த கையோடு லியோனிதெஸ் வந்து, இனி தன்னோடு ஜோடி சேர முடியுமா என்று கேட்டான். மறுத்துவிட்டேன். ஓஸ்மெலுக்குத் துரோகம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.