கருப்பு வேண்டாம்

தம்பி: போதும்க்கா. இதுக்கு மேல கெடுத்தா, படம்னு சொல்ல ஒண்ணும் மிஞ்சாது.

அக்கா: கெடுக்கச் சொல்லலடா. சரி பண்ணச் சொல்றேன்.

தம்பி: எது, இதுவா? உன் பொண்ணு குட்டி வாசல்ல நின்னு கையை நீட்டிச் சிரிக்கிறா. போன வருஷம் நீ எடுத்ததுலயே நல்ல படம். அதைச் சுவர்ல மாட்டி, கேமரா முன்னாடி பழைய சினிமா புரொஜெக்டர் லென்ஸை டேப் போட்டு ஒட்டி, அது வழியா மறுபடி எடுத்து...

அக்கா: அந்த லென்ஸ் அதோட வேலையைச் செஞ்சுடுச்சு. கதவு நிலை எப்படி வளைஞ்சிருக்கு பாரு. எனக்கு அதுதான் வேணும்.

தம்பி: சரி, வளைஞ்சாச்சு. இப்ப அந்தப் பட ஃபைலைக் கம்ப்யூட்டர்ல வெறும் எழுத்தும் எண்ணுமாத் திறந்து, அதை வரி வரியா அழிச்சு, திரும்பப் படமாக்கிப் பார்க்கணும். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வர்றவங்க யாராவது பார்த்தா, ஸ்டூடியோ பக்கமே வர மாட்டாங்க.

அக்கா: வராட்டி போகட்டும். இன்னும் ரெண்டு வரி அழி.

தம்பி: எந்த ரெண்டு?

அக்கா: ஏதோ ரெண்டு. அழிச்சாத்தானே எங்க உடையுதுன்னு தெரியும்.

தம்பி: ...இந்தா. கன்னம் பச்சையாயிடுச்சு. காது தோள்ல வந்து உக்காந்திருக்கு.

அக்கா: வேண்டாம். பழசுக்கே போ.

தம்பி: நல்லாத்தானே இருக்கு? உன் படக் கண்காட்சியை நடத்துற மேடம் பார்த்தா சொக்கிப் போயிடுவாங்க. அவங்களுக்குப் படம் எவ்வளவு கிழியுதோ அவ்வளவு கலை.

அக்கா: அந்தம்மாவுக்காக நான் இதைப் பண்ணல.

தம்பி: பின்ன யாருக்கு?

அக்கா: சாயங்காலம் கண்காட்சிக்குக் குட்டி வர்றா.

தம்பி: உங்கிட்ட பேசிட்டாளா?

அக்கா: எங்க... அவ அப்பாகிட்ட சொல்லியிருக்கா. வந்து பார்த்துட்டு உடனே கிளம்பிடுவாளாம்.

தம்பி: அவ கோபத்துல தப்பு சொல்ல முடியாதுக்கா. பட்டம் வாங்கிட்டு ஓடி வந்து உன் எதிர்ல நிக்கிறா. நீ பாட்டுக்குத் தாண்டிப் போய், வேற யாரோ பொண்ணைத் தொட்டு...

அக்கா: தெரியும்.

தம்பி: கூடப் படிச்சவங்க எல்லாரும் பார்த்துட்டு...

அக்கா: தெரியும்னு சொல்றேன்ல. நீ வேலையைப் பாரு.

தம்பி: சரி, திட்டாத. எப்படித்தான் வரணும்? அதையாவது சொல்லு.

அக்கா: முகம் போகணும்.

தம்பி: ...முகமா?

அக்கா: முகம் மட்டும். முடி இருக்கணும், தோள் இருக்கணும், நீட்டின கை இருக்கணும். நடுவுல மட்டும்...

தம்பி: நடுவுல மட்டும் என்னக்கா? சொல்லு.

அக்கா: சொல்லத்தான் தெரியல. நானும் எத்தனையோ தடவை அழிச்சுப் பார்த்துட்டேன். முகம் சிதறுது, கலர் மாறுது, கோடு கோடா வருது. போகத்தான் மாட்டேங்குது. பிரிண்ட் போடுறவர் வேற கடையைச் சாத்திடுவார். பேசாம அங்க கருப்பா ஒரு வட்டம் போட்டுடு.

தம்பி: கருப்பு வேண்டாம்க்கா.

அக்கா: ஏன்?

தம்பி: கருப்பு போட்டா அங்க என்னமோ இருக்குன்னு ஆயிடும். அங்க ஒண்ணுமே இருக்காது. பக்கத்துச் சுவரோட கலர் மெல்ல நகர்ந்து வந்து, அந்த இடத்தை மூடிக்கும். கொஞ்சம் இரு. சுவர் இருக்கிற வரிகளை எடுத்து, முகம் இருக்கிற இடத்துல ஒட்டிப் பார்க்கிறேன்.

அக்கா: வந்துதா?

தம்பி: உடைஞ்சுடுச்சு. இரு... இன்னும் கொஞ்சம் கீழ. இந்தா, வந்துடுச்சு. நேராப் பார்த்தா அவ இல்ல. கண்ணைத் தள்ளிப் பார்த்தா...

அக்கா: காது ஓரம் தெரியுது.

தம்பி: ம்.

அக்கா: இதேதான்டா. அன்னிக்கு இப்படித்தான் நின்னா. யாரோ கையை நீட்டுறாங்கன்னு தெரிஞ்சுது. யாருன்னு தெரியல.

தம்பி: ...கண் டாக்டரைப் பார்த்தியா?

அக்கா: பார்த்தேன். ரெண்டு கண்ணுலயும் நடுப்பகுதி போயிட்டே இருக்காம். நிறுத்த முடியாதாம். ஓரம் நிக்கும்னார். ஓரம் போதும், அதை வச்சே படம் எடுத்துக்குவேன். ஆனா குட்டிகிட்ட வாயால சொன்னா, சமாளிக்கிறேன்னு நினைப்பா. ஒரு தடவை அவ என் கண்ணால பார்க்கட்டும். அப்புறம் பேசுறதும் பேசாததும் அவ இஷ்டம்.

தம்பி: அத்தானுக்குத் தெரியுமா?

அக்கா: யாருக்கும் தெரியாது. உங்கிட்டகூட இப்பத்தானே... இருடா. நான் சொல்றதுக்கு முன்னாடியே எப்படி இவ்வளவு சரியாப் போட்ட? கருப்பு இருக்காதுன்னு உனக்கு யாரு சொன்னா?

தம்பி: யாரும் சொல்லலக்கா. எனக்கும் வலது கண்ணுல இதேதான்... போன மழைக்காலத்துல இருந்து. நம்ம ரத்தத்துலயே இருக்காம். குட்டியையும் ஒரு தடவை கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கார் என் டாக்டர், உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். எழுந்திரு, பிரிண்ட் எடுத்துட்டுப் போய் மாட்டிடுவோம். அவ வந்ததும் ரெண்டு பேருமாச் சேர்ந்தே சொல்லிடலாம்.